எட்டாம் வீட்டுச் செவ்வாய்

உங்கள் ஒப்பனை வகுப்புக்குச் சிலிக்கோன் முகம் வந்து இறங்கியிருக்கிறதாமே. பெட்டியைத் திறந்து எல்லாரும் தடவித் தடவிப் பார்த்தீர்களாம். நல்லது பிள்ளைகள். எறும்பு வராது. ஆடு தின்னாது. பெண்ணின் தாய்மாமன் கடிக்க மாட்டார்.

இந்த மூன்றும் எனக்கு நடந்தவை. இப்போதே சிரிக்காதீர்கள். எப்போது சிரிக்கக் கூடாது என்பதைச் சொல்லத்தான் முழங்கால் நோவோடு இந்தப் படியெல்லாம் ஏறி வந்திருக்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் பவளம். ஊர் இணுவில். மணப்பெண்களை வெளிக்கிடுத்தி, சேலை கட்டி, தலை பின்னி, மணவறைக்கு அனுப்பிக்கொண்டிருந்தவள். யாழ்ப்பாணத்தில் ஒரு தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபோது, செய்தி வாசிக்கிறவர்களுக்குப் பவுடர் போட ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். பவுடர் போடப் போனவள் ஓய்வு பெறும்வரை அங்கேயே நின்றுவிட்டேன். பசை கலப்பது, நிறம் சேர்ப்பது எல்லாம் இப்போது கைப்பேசியிலேயே படிக்கலாம். அதற்காக என்னைக் கூப்பிட்டிருந்தால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விடுவேன். முகத்தை ஒட்டி முடித்த பிறகு ஒரு வில்லங்கம் வந்து நின்றால் என்ன செய்வது? அதை எந்தக் கைப்பேசியும் சொல்லாது.

எங்கள் நிலையம் ஒருமுறை விண்வெளி நாடகம் எடுத்தது. இயக்குநர் பிரணவன், உடுவில் பொடியன். சாப்பிட மறந்தாலும் கனவு காண மறக்காத பிள்ளை. கதை இதுதான்: செவ்வாய்க் கிரகத்து அரசன் யாழ்ப்பாணத்து ஒழுங்கை ஒன்றில், ஆளில்லாத எட்டாம் இலக்க வீட்டில் வந்து ஒளிந்திருக்கிறான். அவனுடைய மனைவியை எதிரிகள் மூன்றாம் பாகத்தில் கொன்றுவிடுகிறார்கள். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எங்கள் உயிரை வாங்கியவை இவைதான்.

செவ்வாய்க் கிரகத்தைத் தேடி நாங்கள் அலையவே இல்லை. எங்கள் ஊர்ச் செம்மண்ணைவிடச் செவ்வாய் சிவப்பாக இருக்கும் என்று நான் நம்பவில்லை. இணுவிலுக்கும் உடுவிலுக்கும் நடுவில் ஒரு வெங்காயத் தோட்டம், கொத்திப் புரட்டிப் போட்டபடி வெறுமையாகக் கிடந்தது. பக்கத்து வாழைகள் கமராவில் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் தோட்டக்காரர் மறுநாள் விடியத் தண்ணீர் இறைத்துப் பாத்தி கட்டப்போவதாகச் சொல்லிவிட்டார். பாத்தி கட்டிய செவ்வாய்க் கிரகம் எங்கேயும் இல்லை. ஆகவே அரசன் தன் கிரகத்தில் தனியே நிற்கிற காட்சியை அன்றைக்கே, வெயில் சாயும் முன் எடுத்தாக வேண்டும்.

அரசனுடைய முகத்துக்குத்தான் நான் பட்ட பாடு. கொழும்பிலிருந்து வந்த ரப்பர்ப் பால் வழியிலேயே திரைந்துவிட்டது. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவைக் குழைத்துச் செய்தேன். நடிகன் தும்மினான், மூக்கு தனியே போய் விழுந்தது. கடதாசிக் கூழில் செய்தேன். அரசன் சூரன்போரில் தோற்ற சூரன் மாதிரி இருந்தான். மண்டை வெடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் ஒருநாள் மத்தியானம், எங்கள் நடிகன் பையிலிருந்து ஓலைப்பெட்டி ஒன்றை எடுத்தான். உள்ளே அவனுடைய தாய் போட்டுக் கொடுத்த பனாட்டு. பனம்பழக் களியைப் பாயில் ஊற்றி, வெயிலில் காயவிட்டு, அதற்கு மேல் திரும்பவும் ஊற்றித் தகடாக எடுப்பார்களே, அதுதான். ஒரு துண்டை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். செம்மஞ்சள் நிறம், கிழவன் கைபோலச் சுருக்கம், உள்ளே நரம்பாக ஓடுகிற தும்பு. ஆவியில் காட்டினால் வளைந்தது, ஆறியதும் அப்படியே நின்றது.

“அக்கா, அது சாப்பிடுறதுக்கு அம்மா தந்தது” என்றான் அவன்.

“பேசாமல் இரு. இனி இதுதான் உன்ரை முகம்” என்றேன்.

முதல் முகத்தை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். விடிய வந்து பார்த்தால் எறும்பு நாடியை, மோவாய் முழுவதையும், கொண்டுபோய்விட்டது. இரண்டாவதை வெயிலில் வைத்தேன். பக்கத்து வளவு ஆடு நெற்றியில் தொடங்கி மூக்குவரை தின்றுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்பதுபோல என்னைப் பார்த்தது. மூன்றாவது முகம்தான் நான் சொல்லும் நாளில் ஒட்டியது. அதோடு அந்தத் தாயின் பனாட்டும் முடிந்துவிட்டது. அது போனால் வேறு முகம் இல்லை.

நடிகனைப் பற்றிச் சொல்லவில்லையே. கோகுலன், அளவெட்டி. விடியக் காலையிலிருந்து தவிலும் நாதஸ்வரமும் கேட்கிற ஊரில் பிறந்தும் ஒரு தாளம் நேரே போடத் தெரியாதவன். ஆனால் நல்ல பிள்ளை. மேக்கப் கதிரையில் இருக்கிற ஆள், கண்ணை மூடிக்கொண்டு வீட்டுக்கதை எல்லாவற்றையும் சொல்லிவிடும். இது உங்களுக்கும் நடக்கும். கேட்டுக்கொள்ளுங்கள், வெளியே விடாதீர்கள். அப்படி அவன் சொன்னதுதான் தர்சினி கதை.

தர்சினி எங்கள் இணுவில் பிள்ளை, மருந்துக் கடையில் வேலை. இரண்டு பேருக்கும் நெடுநாள் விருப்பம். அவளுக்குத் தாய் இல்லை. தாய்மாமன் சிவபாதம், ஓய்வுபெற்ற தபாலதிபர், தானும் கலியாணம் கட்டாமல் அவளை வளர்த்தவர். “மாமா ஓம் எண்டு சொல்லாமல் நான் கழுத்தை நீட்ட மாட்டன்” என்று அவள் முதலிலேயே சொல்லிவிட்டாள். ஆகவே இந்தக் கெட்டிக்காரர் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள்போல நடித்து, புரோக்கர் கையில் கோகுலனுடைய சாதகத்தைக் கொடுத்து மாமாவிடம் அனுப்பினார்கள். பொருத்தம் நன்றாக வந்தது. இரண்டு பேருக்கும் செவ்வாய்க் குற்றமும் இல்லை. “பொடியனைப் பற்றி நாலு இடத்திலை விசாரிச்சுப்போட்டு முடிவு சொல்லுறன்” என்றாராம் மாமா. அவர் வேண்டாம் என்று சொன்னால், நோர்வேயிலிருந்து வந்த அடுத்த சாதகம் மேசையில் ஆயத்தமாகக் கிடந்தது.

“இண்டைக்குப் பின்னேரம் சொல்லுறாராம் அக்கா” என்றான் கோகுலன், நான் அவனுடைய நெற்றியை ஒட்டத் தொடங்கும்போது.

“சொன்னால் சொல்லட்டும். இப்ப நெத்தியைச் சுருக்காதை.”

நெற்றி, கன்னச் சொக்கை, மூக்கு, சுளகு மாதிரி இரண்டு காது. கடைசியாக வாயைச் சுற்றி நாடி. நாடியை ஒட்டினால் காயும்வரை வாய் திறக்கக் கூடாது. திறந்தால் வெடித்துவிடும். தோட்டத்து வேம்பின் கீழ் கதிரையைப் போட்டு அவனை அசையாமல் இருத்தியிருந்தேன்.

எங்கள் மனேச்சர் ராசன் அண்ணை பக்கத்தில் நின்றார். நல்ல மனிதர், ஒரு காது மந்தம். அதனால் யார் தொலைபேசி எடுத்தாலும் ஒலிபெருக்கியைப் போட்டு ஊருக்கே கேட்கத்தான் கதைப்பார். அன்றைக்கு அவர் விளம்பரம் தரவேண்டிய நல்லெண்ணெய் முதலாளியின் அழைப்புக்காகக் காலையிலிருந்து தவித்துக்கொண்டிருந்தார். முதலாளியின் குரலை அவர் அதற்கு முன் கேட்டதில்லை. செவ்வாய்க் கிரகத்து ஆளைப் பற்றி முதலாளி விசாரிப்பார் என்று மட்டும் தகவல் வந்திருந்தது.

தொலைபேசி அடித்தது.

“வணக்கம் ஐயா! உங்கடை கோலைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறம்.”

“அப்பிடியோ? நான் எடுப்பன் எண்டு தெரியுமோ?” பெரிய மனிதர் ஒருவருடைய குரல்.

“தெரியாமலோ! எங்கடை கோகுலனைப் பற்றித்தானே?”

“ஓம். ஒளிக்காமல் சொல்லவேணும். பொடியன் செவ்வாயோ?”

“ஓம் ஐயா! சுத்தச் செவ்வாய். அரை, கால் எண்ட கதையே இல்லை.”

“எங்களுக்கு இல்லையெண்டெல்லோ சொன்னவை?”

“அது வெளியாக்களுக்குச் சொல்லுறது ஐயா. மறைச்சுத்தான் வைச்சிருக்கிறம். நீங்கள் எண்டபடியால் சொல்லுறன்.”

“எந்த வீட்டிலை?”

“எட்டாம் வீட்டிலை.”

“எட்டிலையோ!”

“எட்டிலைதான் ஐயா. முதல் நாலாம் வீட்டிலை இருந்தவர். அது சரிவராது எண்டு நாங்கள்தான் எட்டிலை மாத்தினது.”

கதிரையில் இருந்த கோகுலன் “ம்ம்ம்!” என்றான். வாயைத் திறக்காதே என்று கையைக் காட்டினேன்.

“வியாழனாவது பாக்குதோ?” என்றது குரல், கெஞ்சுகிற மாதிரி.

“வியாழன் பாக்கேலாது ஐயா. வியாழன் பட்டிமன்றம். வெள்ளிதான் பாக்கலாம்.”

“ம்ம்ம்! ம்ம்ம்!” கோகுலன் இரண்டு கையையும் வீசினான்.

“என்ன, எறும்பு கடிக்குதோ? பொறு. நாடி வெடிச்சுதெண்டால் நான் பொல்லாதவளாவன்” என்றேன்.

“அப்ப உவர் கலியாணம் கட்டினால் மனிசியின்ரை கதி?” என்றது தொலைபேசிக் குரல்.

“மனிசி மூண்டாம் பாகத்திலை செத்துப்போம் ஐயா. அது கட்டாயம். அதிலைதான் கதையே இருக்கு.”

“இப்ப எங்கை நிக்கிறியள்?”

“உங்கை இணுவில் எல்லைத் தோட்டத்திலைதான். வாங்கோ ஐயா, நேரிலை வந்து பாருங்கோ!”

“வாறன்.”

ராசன் அண்ணைக்குச் சந்தோசப் புளுகம் தாங்க முடியவில்லை. “பிடிச்சுப்போச்சுப் பிள்ளை, முதலாளிக்கு நல்லாப் பிடிச்சுப்போச்சு! உடனை வாறாராம்!” என்று தேத்தண்ணிக்கு ஆள் அனுப்ப ஓடினார். எனக்கு மட்டும் அந்த ‘வாறன்’ சொன்ன விதம் சரியாகப் படவில்லை. திரும்பிப் பார்த்தேன். கோகுலன் செருப்பைக் கழற்றிவிட்டு, கால் பெருவிரலால் செம்மண்ணில் எழுதிக்கொண்டிருந்தான். மாமா.

“எந்த மாமா?” என்றேன். அவன் ராசன் அண்ணையின் தொலைபேசியைக் காட்டினான். பனாட்டுக்குள்ளே இரண்டு கண்ணிலும் கண்ணீர் முட்டி நின்றது.

எட்டாம் வீடு. வியாழன். மனிசி சாகிறது. ஐயோ கோதாரி! எல்லாம் ஒன்றாக என் மண்டையில் விழுந்தது. எட்டிலே செவ்வாய் இருக்கிற ஆணைக் கட்டினால் பெண்ணுக்கு ஆயுள் இல்லை என்பதும், வியாழன் பார்த்தால் மட்டும் அந்தக் குற்றம் குறையும் என்பதும் எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். தெரியாத ஒரே மனிதர், ஊரிலேயே சாதகம் பார்க்காமல் ஓடிப்போய்க் கலியாணம் கட்டிய எங்கள் ராசன் அண்ணை.

கோகுலன் சொக்கையில் நகத்தை வைத்தான், உரிக்க. பாய்ந்து கையைப் பிடித்தேன்.

“விசரே உனக்கு? இப்ப உரிச்சால் புருவம் ரெண்டும் அதோடை வரும். புருவம் இல்லாத மாப்பிள்ளையாய் மாமாவுக்கு முன்னாலை போய் நிக்கப்போறியோ?”

தொலைபேசியை எடுத்துத் தர்சினியின் இலக்கத்தைத் தட்டினான்.

“அவளுக்கு என்ன சொல்லப்போறாய்? ம்ம்ம் எண்டோ? வை அதை. அந்தரப்படாதை. நீ பேசாமல் இருக்கிறதுதான் இப்ப நல்லது. எங்கடை பக்கத்திலை பேசினது காணும்.”

பிள்ளைகள், பதற்றத்தில் முதலில் செய்யத் தோன்றுவதைச் செய்யாதீர்கள். முகத்தை உரித்திருந்தால் காட்சியும் போயிருக்கும், முகமும் போயிருக்கும், பெண்ணும் போயிருப்பாள். ராசன் அண்ணையைப் பிடித்து விளங்கப்படுத்தலாம் என்று எழும்பினேன். அதற்குள் மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது. மாமாவின் வீடு அடுத்த ஒழுங்கைதான்.

வேட்டி, வெள்ளைச் சேட், கையில் மடித்த குடை. குடையைப் பிடித்திருந்த விதம் மழைக்குப் பிடிக்கிற விதமில்லை.

“வாங்கோ ஐயா, வாங்கோ! ஐயாவுக்குக் கதிரை போடுங்கோ! தேத்தண்ணி கொண்டாங்கோ!” என்று ராசன் அண்ணை கும்பிட்டபடி ஓடினார்.

“நான் கை நனைக்க வரேல்லை.”

“சீனி வருத்தமோ ஐயா? சீனி போடாமல் தரச் சொல்லுறன்.”

“பச்சைத் தண்ணியும் வேண்டாம். முடிவாகாத இடத்திலை நான் வாயிலை ஒண்டும் வைக்கிறேல்லை.”

சம்பந்தம் முடிவாகும் முன் மாப்பிள்ளை பகுதியில் பெண் பகுதியார் ஒரு வாய் தண்ணீரும் குடிக்க மாட்டார்கள். கை நனைத்தால் சம்மதம் என்று பொருள். ராசன் அண்ணை அதை விளம்பரத்துக்கான முடிவு என்று எடுத்துக்கொண்டார். “முடிவு நல்லா வரும் ஐயா. முதல் எங்கடை செவ்வாயைப் பாருங்கோ” என்று கோகுலனைக் காட்டினார். கோகுலன் எழுந்து நின்று, சுளகுக் காது இரண்டும் ஆட, கை கூப்பினான்.

“உதென்ன கோதாரி!” ஓர் அடி பின்னால் வைத்தார் மாமா. பிறகு திரும்பவும் கோபம் ஏறியது. “உங்கடை கோமாளிக் கூத்தைப் பாக்க நான் வரேல்லை. செவ்வாயை எட்டிலை மாத்தினது ஆர்? அந்த ஆளை எனக்குக் காட்டுங்கோ!”

பிரணவன், அந்தக் கனவுக்காரன், கமராவுக்குப் பக்கத்திலிருந்து கையை உயர்த்தினான். “நான்தான் ஐயா. நாலாம் வீட்டிலை வெளிச்சம் காணாது. அதுதான்.”

“வெளிச்சமோ! பேய்க்காட்டுறியோ என்னை?” மாமா குடையைச் செம்மண்ணில் ஓங்கிக் குத்தினார். “என்ரை தங்கச்சியையும் இப்பிடித்தான் மறைச்சுக் கட்டிவைச்சவங்கள். மாப்பிள்ளைக்கு எட்டிலை செவ்வாய், ஒருத்தனும் வாய் திறக்கேல்லை. அவள் பிள்ளையைப் பெத்துக் கையிலை தந்திட்டுப் போட்டாள். அந்தப் பிள்ளையையும் அதே எட்டுக்குக் குடுக்கச் சொல்லுறியளோ? நான் எந்த முகத்தோடை அவளின்ரை படத்துக்கு விளக்கு வைக்கிறது?”

ராசன் அண்ணையைத் தவிர எல்லாருக்கும் விசயம் விளங்கிவிட்டது. அந்த நேரத்தில் எனக்குக் கண் கலங்கியது, பிள்ளைகள். சாதகத்தை நம்புகிறீர்களோ இல்லையோ, அது வேறு. அந்த மனிதர் முப்பது வருடமாக அந்தப் பயத்தை மடியில் கட்டிக்கொண்டு ஒரு பிள்ளையை வளர்த்திருக்கிறார்.

“ராசன் அண்ணை,” என்றேன், “எட்டாம் வீடு எது எண்டு ஐயாவுக்குக் கையை நீட்டிக் காட்டுங்கோ.”

“அந்தா ஐயா, ஒழுங்கைக்கு அங்காலை. நீலப் படலை. எட்டு எண்டு சுண்ணாம்பாலை எழுதியிருக்கு.”

மாமா அந்த வாசல் படலையைப் பார்த்தார். “அப்ப வியாழன்?”

“வியாழன் பட்டிமன்றம் எண்டு சொன்னனே ஐயா. எங்கடை நாடகம் வெள்ளி இரவு.”

“மனிசி செத்தது?”

“போன கிழமை எடுத்து முடிச்சாச்சு. அவ சம்பளம் வாங்கிக்கொண்டு வீட்டை போட்டா.”

கமராக்காரனுடைய தோள் குலுங்கத் தொடங்கியது. பிரணவன் வாயைப் பொத்திக்கொண்டான். அந்த இடத்தில் ஒருத்தர் ‘பக்’ என்று சிரித்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். நான் மாமாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கறுத்துக்கொண்டு வந்தது. இத்தனை பேருக்கு முன்னால், ஒரு வெங்காயத் தோட்டத்தின் நடுவில், செத்துப்போன தங்கச்சியைப் பற்றிச் சொல்லி அழாக்குறையாக நின்றுவிட்டோமே என்ற வெட்கம். வெட்கப்பட்ட மனிதன் சண்டை பிடிக்க மாட்டான், பேசாமல் வீட்டுக்குப் போவான். பின்னேரம் புரோக்கரிடமிருந்து “பொருத்தம் காணாதாம்” என்று தகவல் வரும். காரணம் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

“என்ன எல்லாரும் வாய் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?” என்று கத்தினேன். “வெயில் போகுது! உங்கடை உங்கடை வேலையைப் பாருங்கோ! ராசன் அண்ணை, நீங்கள் அந்த வாழையிலை தோரணத்தைக் கழட்டுங்கோ!” தோரணம் ஒன்றும் இல்லை. அவர் அதைத் தேடிக்கொண்டு போனார்.

மாமா அதற்குள் திரும்பி நடக்கத் தொடங்கியிருந்தார். மோட்டார் சைக்கிளுக்குப் பத்தடிகூட இல்லை. கோகுலன் என்னைப் பார்த்தான். மன்னிப்புக் கேட்டால் வெட்கம் கூடும். விளங்கப்படுத்தினால் அதைவிடக் கூடும். அந்த மனிதருக்கு ஏதாவது ஒன்றில் திரும்பவும் பெரியவராக நிற்க இடம் கொடுக்க வேண்டும்.

“ஐயா, போறதுக்கு முன்னம் ஒரு உதவி. உந்தப் பனாட்டு பழுதாப்போச்சோ எண்டு எனக்கு ஒரு சந்தேகம். இஞ்சை ஒருத்தருக்கும் பனாட்டைப் பற்றித் தெரியாது.”

அவர் நின்றார். “என்ன பனாட்டு?”

“இவற்ரை முகம்.”

“முகத்திலை பனாட்டை ஒட்டினது ஆர்?”

“நான்தான் ஐயா.”

“விசரோ உமக்கு!” என்றார். ஆனால் திரும்பி வந்தார். குடையைக் கையிடுக்கில் வைத்துவிட்டுக் கோகுலனுக்குக் கிட்டப் போய் மணந்து பார்த்தார். சொக்கையை விரலால் சுண்டினார். “வடிவாக் காஞ்சிருக்கு. பழுதாகேல்லை.” பிறகு இடது காதைப் பிடித்து, தடிப்பு எப்படி என்று மெதுவாக வளைத்தார். காது கழன்று கையோடு வந்தது.

காதை வெளிச்சத்தில் பிடித்துத் தும்பைப் பார்த்தார். கைக்குப் பழகிய காரியம்போல, ஒரு மூலையைக் கடித்து, மென்றார்.

“நல்ல பனாட்டு,” என்றார் மென்றபடியே. “கயர்ப்பு இல்லை. இப்ப உப்பிடி ஆர் போடுறது? எங்கையாலை?”

“அளவெட்டி ஐயா. மாப்பிள்ளையின்ரை தாய் போட்டது.”

மெல்லுவது நின்றது.

“அப்ப,” என்றேன் தலையைக் குனிந்துகொண்டு, “ஐயா மாப்பிள்ளை வீட்டிலை கை நனைச்சாச்சு.”

வாயில் பனாட்டு. துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை. என்னைப் பார்த்தார். ஒற்றைக் காதோடு கை கூப்பி நின்ற கோகுலனைப் பார்த்தார். பனாட்டுச் சொக்கையில் கண்ணீர் ஒரு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. மாமாவின் பார்வை அங்கேயே நின்றது. பிறகு விழுங்கினார்.

“நனைச்சாச்சுத்தான்,” என்றார். குடையை எடுத்துக்கொண்டார். இரண்டடி போய்த் திரும்பினார். “ஆனால் ஒண்டு. வெள்ளியிலை எங்கடை வீட்டிலை ரீவி போடுறேல்லை, கோயிலுக்குப் போற நாள். நாடகத்தை வியாழனுக்கு மாத்துங்கோ. எட்டிலை செவ்வாய் இருந்தால் வியாழன் பாக்கத்தானே வேணும்?”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவர் சிரித்த பிறகுதான் நான் மற்றவர்களைச் சிரிக்க விட்டேன். கமராக்காரன் செவ்வாய்க் கிரகத்தில் விழுந்து உருண்டான். கோகுலன் சிரித்ததில் நாடி இரண்டாக வெடித்தது. ராசன் அண்ணை வாழைக்குள்ளிருந்து வந்து, “தோரணம் ஒண்டும் இல்லையே பிள்ளை. முதலாளி என்னவாம்?” என்று கேட்டார்.

பிரணவனுக்குத்தான் வயிற்றெரிச்சல். அரசனுக்கு ஒரு காதைக் காணோம். “செவ்வாயிலை நடந்த சண்டையிலை போச்சு எண்டு சொல்லு” என்றேன். வெடித்த நாடியும் போர்க் காயமாகிவிட்டது. வெயில் சாயும் முன் எடுத்து முடித்தோம். அந்தக் காது எப்படிப் போனது என்று பார்த்தவர்கள் கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

உண்மையான நல்லெண்ணெய் முதலாளி அன்றைக்கே பிறகு எடுத்தார். அதற்குள் ராசன் அண்ணைக்கு நாங்கள் விசயத்தை விளங்கப்படுத்தியிருந்தோம். அவர் உசாராக, “எங்கடை பொடியனுக்குச் செவ்வாயே கிடையாது ஐயா, எந்தக் கோயிலிலையும் சத்தியம் பண்ணுறன்” என்றாராம். பிரணவன் நேரே போய் ஒரு மத்தியானம் முழுக்க விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. கேட்டுச் சிரித்த முதலாளி விளம்பரமும் தந்தார், நாடகத்தை வியாழனுக்கு மாற்றவும் வழிசெய்தார்.

இந்தத் தொழிலில் நீங்கள் முகம் செய்யப் பழகுவீர்கள், அது பெரிய காரியமில்லை. எதிரே நிற்கிறவருடைய முகம் கறுக்காமல் பார்த்துக்கொள்ளப் பழகுங்கள். அதற்குப் பெட்டியில் பவுடர் வராது.

கலியாணத்தன்று தர்சினியை வெளிக்கிடுத்தியது நான்தான். கடைசியாகப் பொட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். வாசலில் மாமா நின்றார். அவளைப் பார்த்து, “தாயை உரிச்சு வைச்ச மாதிரி” என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் மணவறைக்குப் போன பிறகு என்னிடம் கிட்ட வந்தார்.

“உண்மையைச் சொல்லும் பிள்ளை. அந்தக் காதை நீர் வேணுமெண்டுதானே வடிவா ஒட்டாமல் விட்டனீர்?”

“ஐயா, நான் ஒட்டினால் ஒட்டினதுதான். கழட்டினது நீங்கள்.”

“ஓமோம்,” என்றார். சால்வைக்குள்ளிருந்து ஓலைப்பெட்டி ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். திறக்க முன்னமே பனம்பழ மணம் வந்தது. “சம்பந்தி வீட்டிலை கேட்டு வாங்கினனான். உதிலை ரெண்டு காது வரும். ஒண்டை ஒட்டும். மற்றது எனக்கு.”